இழவு வீட்டு லென்ஸ்

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பழைய செய்தித்தாளைச் சோற்றுப் பருக்கை தடவி ஒட்டியிருந்தேன். உச்சி வெயில். தரையில் கால் வைக்க முடியவில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, காமிராவின் பின்பக்கம் இருக்கும் தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக விழுந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டே இருந்தது.

நடுப் பத்தியில் இருந்த தலைவலித் தைல விளம்பரம் பளிச்சென்று இருந்தது. நான்கு மூலைகளிலும் இருந்த பொடி எழுத்துகளும் அப்படியே. ஓரத்தில் ஓர் எழுத்துகூடக் கலையவில்லை.

"இன்னாமே, தெரியுதா?" என்று மாடிப்படியில் நின்றபடியே என் வீட்டுக்காரர் கேட்டார்.

"தெரியுதாவா? மேல வெச்ச புள்ளி கூடத் தெரியுது. பதினைஞ்சு ரூபாய்க்கு இது கொள்ளை மலிவுங்க!" என்றேன்.

அதில் இருந்த வினை எனக்கு அன்று பிடிபடவில்லை. ஆண்களெல்லாம் யானை விலை, குதிரை விலை கொடுத்து வாங்குவதை நான் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி பொறுக்கி எடுத்துவிட்டேன் என்று ஒரு திமிர். அந்தத் திமிரால் ஒரு பெண்ணுக்கு நான் செய்த துரோகத்தைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து இதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது சைதாப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி, "விலை குறைந்த சாதாரண லென்ஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், அம்மா?" என்று கடிதம் போட்டு என்னை மாட்டிவிட்டார்.

கல்யாண லென்ஸ்

ராயப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் எங்கள் ஸ்டூடியோ. வீட்டுக்காரர் படம் எடுப்பார். படம் விழுந்த கண்ணாடி பிளேட்டை நான் இருட்டறையில் கழுவுவேன், பிரிண்டுக்கு வர்ணம் தீட்டுவேன். ஆண்பிள்ளைகள் நுழையக்கூடாத அறைகளில் பெண்களைப் படம் எடுக்க வேண்டுமென்றால் நான்தான் போவேன். ராயப்பேட்டைத் துலுக்கர் வீடுகளிலும் மயிலாப்பூர் அய்யர் வீடுகளிலும் எனக்குப் 'போட்டோக்காரம்மா' என்றே பெயர்.

எங்களிடம் ஒரு ஜெர்மன் லென்ஸ் இருந்தது. அந்த விலைக்குக் கறவைப் பசுவும் கன்றும் வாங்கலாம். ஆயுத பூஜை அன்று அதன் பித்தளை வளையத்தில் குங்குமப் பொட்டு வைத்துவிட்டால் அடுத்த ஆயுத பூஜை வரை வீட்டுக்காரர் அந்தப் பொட்டை அழிய விடமாட்டார். அதற்குப் பெயரே கல்யாண லென்ஸ். நிச்சயதார்த்தம், கல்யாணம், சீமந்தம், மொட்டை, காதுகுத்து எல்லாவற்றுக்கும் அது போகும். சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும் போகாது.

"பொணத்தைப் பாத்த கண்ணால பொண்ணு மாப்பிள்ளையைப் பாக்கறதா?" என்பார்.

இது அவருடைய பைத்தியம் மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் மயிலாப்பூர், ராயப்பேட்டைப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்த பலர் அப்படித்தான். எங்கள் தொழிலில் பாதி சாவுதான். உயிரோடு இருக்கும்போது படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நிறையப் பேர் எடுக்கவே மாட்டார்கள். செத்த பிறகு குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி, வாசலில் வைத்து ஒரு படம். பலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான். ஆகவே இழவு வீட்டுக்கென்று தனியாக ஒரு லென்ஸ் வேண்டும், அது மலிவாகவும் இருக்க வேண்டும். அதைத் தேடி வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இப்போதுதான் இது உறைக்கிறது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடிவிட்டார். நாலு நாள் கழித்து அதே பட்டுப்புடவையைக் கட்டி, அதே மாலை மாதிரி இன்னொன்றைத் தொடுத்துப் போட்டு மறுபடி எடுத்தோம். எங்களுக்குக் கேசரி வேறு கொடுத்தார்கள். மறுபடி எடுக்க முடிகிற படத்துக்கு நல்ல லென்ஸ், எடுக்கவே முடியாத படத்துக்கு மட்ட லென்ஸ். இந்தக் கணக்குத் தப்பு என்று எங்கள் இரண்டு பேருக்கும் அன்று தோன்றவில்லை.

காசிம் பாய் சொன்னது

லென்ஸை எனக்கு விற்றவர் காசிம் பாய். கடிகாரம், மூக்குக் கண்ணாடி, பழைய காமிரா எல்லாம் ரிப்பேர் செய்கிறவர். எங்கள் சந்து முனையில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு ஒரு கடை.

லென்ஸ் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கீறல் இல்லை, பூசணம் இல்லை. உள்ளே ஒரு சின்ன நீர்க்குமிழி இருந்தது. அதைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்த்தேன்.

"குமிளி கீறதால ஒண்ணியும் ஆவாதும்மா. நல்ல கண்ணாடியிலயும் குமிளி கீது," என்றார். பிறகு அவராகவே சொன்னார். "எடுத்துகினு போ. துட்டு அப்பால குடு. ஆனா ஒண்ணு, வெயில்ல பாத்துட்டு முடிவு பண்ணாதே. இருட்டு ரூம்புல, லென்ஸ் வாயை முழுசா தொறந்து வெச்சு, ஒரு பிளேட் போட்டுக் களுவிப் பாரு. கண்ணுக்குத் தெரியறது வேற, பிளேட்ல வுழறது வேற."

"பாய், இத்தனை வருசமா இதே பொழப்புதான். எனக்குக் கண்ணு கீது," என்றேன். நான் கொஞ்சம் வாய்க்காரி.

அவர் சிரித்தார். "சரிம்மா. வெயில்ல எல்லா லென்ஸும் நல்ல லென்ஸ்தான். நான் சொல்லிட்டேன்."

நான் பிளேட் போட்டுப் பார்க்கவில்லை. சாவுக்கு வாங்குகிற லென்ஸுக்கு ஒரு பிளேட்டை வீணாக்குவானேன் என்று நினைத்தேன். ஜெர்மன் லென்ஸில் தேய்த்த கண்ணாடியில் எது தெரிந்ததோ அதுவே பிளேட்டிலும் விழும். நல்ல சாமானோடு பழகினவளுக்கு மட்டமான சாமானின் குணம் எங்கே தெரியப் போகிறது?

அந்த லென்ஸில் நாலைந்து பிணங்களை எடுத்தேன். எல்லாம் வாசலில், வெயிலில், லென்ஸ் வாயின் துவாரத்தைச் சின்னதாக வைத்து எடுத்தவை. மீசை மயிரைக்கூட எண்ணலாம். காசிம் பாய் கடை வழியாகப் போகும்போதெல்லாம் வேண்டுமென்றே அந்தப் படங்களைக் காட்டிவிட்டுப் போவேன்.

பின்கட்டு அறை

தியாகராய நகரில் ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் காலையில் மயிலாப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். வக்கீல் குமாஸ்தா. முப்பது வயதுகூட இருக்காது. ராகவன் என்று வைத்துக்கொள்வோம். இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் மனைவி அலமேலுவுக்கு க்ஷயம். குழந்தை பிறந்து எட்டு மாதம். பெண் குழந்தை. டாக்டர் கைவிட்டுவிட்டார்.

"அவளுக்கு ஒரு படம்கூட இல்லை. கல்யாணத்துலயும் எடுக்கலை," என்றார். "தெனம் அதையே சொல்லிண்டிருக்கா. 'கொழந்தைக்கு என் மூஞ்சி தெரியாமப் போயிடும், ஒரு படம் எடுத்து வெச்சுடுங்கோ'ன்னு அழறா. அக்காதான் கூடாதுங்கறா. இன்னிக்கு ஒரு நாள் சரின்னிருக்கா. ஆம்பிளை வரப்படாதாம்."

நான் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு ஜெர்மன் லென்ஸைக் கேட்டேன்.

"இன்னிக்கு மாம்பலத்துல நிச்சயதார்த்தம் கீது, தெரியாதா உனக்கு?"

"அது சாயங்காலம்தானே? அதுக்குள்ள வந்துடுவேன்."

"சாகக் கெடக்கிற வீடு. நாளைக்கு இழவு வீடுதான். அதுக்குன்னுதானே ஒண்ணு வாங்கிக் குடுத்தேன்? கொள்ளை மலிவு, புள்ளி கூடத் தெரியுதுன்னு நீதானே குதிச்சே?"

மட்ட லென்ஸையே எடுத்துப் பையில் வைத்தேன். நான் சொன்ன வார்த்தையே எனக்கு வினையாக வந்தது.

அலமேலு பின்கட்டில் ஓர் அறையில் கிடந்தாள். ஒரே ஜன்னல், அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்து. நார்த்தங்காய் ஊறுகாயும் மருந்தும் சாம்பிராணியும் கலந்த ஒரு வாடை. முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். ராகவனின் அக்கா செல்லம்மாள் ஒரே வார்த்தையில் வெட்டினாள்.

"அவளைத் தொட்டு யார் தூக்கறது?"

மெக்னீசியம் பொடியைக் கொளுத்தினால் வெளிச்சம் வரும். ஆனால் அந்தப் புகையில் அவளுக்கு உயிரே போய்விடும். வேறு வழியில்லை. லென்ஸின் வாயை முழுசாகத் திறந்தேன். அந்த லென்ஸை நான் அப்படித் திறந்தது அதுதான் முதல் தடவை.

தலையணையில் சாய்த்து உட்காரவைத்தேன். கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பெரிசாக இருந்தது. என்னைப் பார்த்து, "ரொம்ப அசிங்கமா இருக்கேனா?" என்று கேட்டாள்.

"மகாலட்சுமியாட்டம் கீறே, கண்ணு," என்றேன். பொய்தான்.

"கொழந்தையை வாசப்படிகிட்ட கொண்டு வரச் சொல்லுங்கோளேன். நான் தொடலை. பாத்துண்டு இருக்கேன்."

ஒன்றரை மாதமாக அவள் குழந்தையைத் தொட்டதில்லை. தொற்று என்று விடவில்லை. செல்லம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் காமிராவுக்குப் பக்கத்தில், நிலைப்படிக்கு அப்பால் நின்றாள். அதைப் பார்த்ததும் அலமேலுவின் வலது கை தானாக முன்னால் நீண்டது. நான் தடுக்கவில்லை.

கறுப்புத் துணிக்குள் போனேன். அவள் கண் இமையைக் குறிவைத்துச் சரிபார்த்தேன். தேய்த்த கண்ணாடியில் இமை மயிர் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது.

லென்ஸ் மூடியைக் கழற்றி எண்ணினேன். மூன்றாவது எண்ணிக்கையில் இருமிவிட்டாள். அந்தப் பிளேட் போச்சு. நான் கொண்டுபோனதே இரண்டு. அடுத்ததற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நான் ஆறு எண்ணும் வரை நீட்டிய கையைக்கூட அவள் அசைக்கவில்லை. எலும்பும் தோலுமாக இருந்த உடம்பில் அந்தத் தெம்பு எங்கிருந்து வந்ததோ, எனக்குத் தெரியாது.

பிளேட் பார்த்தது

அன்று சாயங்காலமே கழுவினேன். சிவப்பு விளக்கில் பிளேட்டைத் தூக்கிப் பார்த்தேன்.

முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகைமூட்டம். கண் இரண்டு நிழல். வாய் இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் கை! முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நீண்டிருந்த அந்தக் கை, ரேகை ரேகையாக விழுந்திருந்தது. சற்றே உள்ளே வளைந்த சுண்டுவிரல், மணிக்கட்டில் கழன்று தொங்கிய வளை, கட்டைவிரல் நகத்தில் ஒரு வெடிப்பு எல்லாம் தெரிந்தன.

என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். நம் கண்ணுக்கு மஞ்சள் வெளிச்சம்தான் பிரதானம். நான் வாங்கிய பிளேட்டுகளுக்கு நீல வெளிச்சம்தான் தெரியும். நல்ல லென்ஸ் இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். மட்ட லென்ஸ் ஒன்றை இங்கேயும் மற்றதை அங்கேயும் விட்டுவிடும். துவாரத்தைச் சின்னதாக வைத்தால் அந்தக் குறை வெளியே தெரியாது. முழுசாகத் திறந்தால் காட்டிக்கொடுத்துவிடும். நான் பார்த்தது முகத்தை, பிளேட் பார்த்தது கையை. கண்ணால் கண்டதும் பொய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

மறுநாள் விடிந்ததும், வீட்டுக்காரர் எழுந்திருக்கும் முன், அலமாரியிலிருந்து ஜெர்மன் லென்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். புருஷனிடம் திருடியது அந்த ஒரு தடவைதான். ரிக்‌ஷாக்காரனை, "ஓடுப்பா, ஓடுப்பா" என்று வழி நெடுக விரட்டினேன்.

தெருமுனை திரும்பியதும் அவனே நிறுத்திவிட்டான். "எறங்கும்மா. அந்த வூட்டாண்ட பச்ச மூங்கில் வெட்டிக்கினு கீறாங்க," என்றான்.

நான் சொல்லாதது

அலமேலுவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தொட்டுத் தூக்க ஆள் இல்லை என்றார்களே, இப்போது தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். முற்றத்து வெளிச்சம் முகத்தில் நேராக விழுந்தது. அவ்வளவு நல்ல வெளிச்சம். நெற்றியில் பெரிய பொட்டு. வலி போனதாலோ என்னவோ, முகம் முந்தின நாளைவிடத் தெளிவாக இருந்தது. என் பையில் ஜெர்மன் லென்ஸ், இரண்டு பிளேட். ஐந்து நிமிஷம் போதும்.

செல்லம்மாள் என்னைப் பார்த்துவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"நீங்க எதுக்கு வந்தேள்? படம்தான் நேத்திக்கே எடுத்தாச்சே. நன்னா வந்துதோல்லியோ?"

'வரலைம்மா. கெட்டுப்போச்சு. இப்ப ஒண்ணு எடுத்துக்கறேன்' என்று சொன்னால் முடிந்தது. ராகவன் அங்கேயே தூணில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் எதிரில், என் கை எடுத்த படம் கெட்டுப்போச்சு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பொம்பளை எடுத்தால் இப்படித்தான் என்பார்களே, ராயப்பேட்டை பூரா பேசுவார்களே என்றெல்லாம் ஓடியது. பிணத்தின் முன்னால் நின்றுகொண்டு நான் என் பெயரைப் பற்றிக் கவலைப்பட்டேன்.

"நல்லா வந்துதும்மா," என்றேன்.

அரைமணியில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்கே அந்த லென்ஸைக் காசிம் பாய் முன்னால் வீசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"லென்ஸ் மேல இன்னாம்மா தப்பு? இதோட கொணம் இதான். கண்ணாடியில பாத்தப்புறம் ஒரு நெல்லு கனம் உள்ள தள்ளிகினா போதும், மூஞ்சி கரெக்டா வுழுந்திருக்கும். ஒரு பிளேட் போட்டுப் பாத்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

ஒரு நெல் கனம். லென்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு பல வருஷம் அதே லென்ஸை நெல் கனம் தள்ளி வைத்துத்தான் எடுத்தேன். ஒரு படம் கெட்டதில்லை.

தூரிகை

ராகவனுக்குப் படம் கொடுத்தாக வேண்டும். பிரிண்ட் போட்டு, தூரிகையை எடுத்தேன். முகத்தை வரைந்தேன்.

ஞாபகத்திலிருந்து வரைந்தாயா என்று கேட்பீர்கள். முந்தின நாள் வரை அவளை நான் பார்த்ததே இல்லை. பார்த்த நேரத்திலும் பாதி கறுப்புத் துணிக்குள், தலைகீழாகப் பார்த்தது. கூடத்தில் கிடந்தபோது கண் மூடியிருந்தது. கண் வரைந்தேன், மூக்கு வரைந்தேன், நல்ல குடும்பத்துப் பெண் என்றால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வாய் வரைந்தேன். மூன்று நாள், நாள் பூராவும் இதே வேலை. கையை மட்டும் தொடவில்லை. அதில் செய்ய ஒன்றும் இல்லை.

ராகவன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என் ஸ்டூடியோ பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதார். "அவளேதான். பேசறாப்ல இருக்கு," என்றார். பிறகு ஒரு நாள் வந்த செல்லம்மாள் மட்டும், "அவ கண்ணு இன்னும் கொஞ்சம் பெரிசோல்லியோ," என்றாள். அதோடு விட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் அவர்கள் ஞாபகத்தில் இருந்த முகம் போய், நான் வரைந்த முகம் வந்து உட்கார்ந்திருக்கும்.

முகம் மட்டும் போதும்

பத்து வருஷம் கழித்து ராகவன் மறுபடி வந்தார். தலை நரைத்திருந்தது. இரண்டாம் கல்யாணம் ஆகி, தியாகராய நகரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கூடத்தில் மாட்ட அலமேலுவின் படத்தைப் பெரிசு பண்ண வேண்டுமாம். கூடவே பாவாடை சட்டையில் அலமேலுவின் அந்தப் பெண்.

"நெகடிவ் வெச்சிருக்கேளோல்லியோ, மாமி?" என்று அவளே கேட்டாள். நல்ல துடுக்கான பெண். "ஆனா கை வேண்டாம். மூஞ்சி மட்டும் போறும்."

"ஏன் கண்ணு?"

"பிச்சை கேக்கறாப்ல இருக்குன்னு சித்தி சொல்றா. ஆத்துக்கு வரவாள்லாம் கேக்கறா."

ராகவன் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்த பழைய படத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் சற்றே உள்ளே வளைந்திருந்தது.

'அது பிச்சை கேட்ட கை இல்லடி. உன்னைக் கேட்ட கை' என்று தொண்டை வரை வந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் கையைப் பற்றி ஆரம்பித்தால் முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். ராகவன் நின்றுகொண்டிருந்தார். இரண்டாவது தடவையும் நான் கோழையானேன்.

நெகடிவில் கையை மறைத்துவிட்டுப் புகைமூட்டத்தை மட்டும் பெரிசாக்கினேன். அதில் மறுபடி கண், மூக்கு, வாய் வரைய வேண்டும். பழைய படத்தில் இருந்ததும் என் கற்பனைதான்; எதைப் பார்த்து வரைவது? அந்தப் பெண்ணை எதிரே உட்காரவைத்தேன். சும்மா பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவள் கண்ணைப் பார்த்து அம்மாவின் கண்ணைக் குறித்துக்கொண்டேன்.

படம் வாங்க வந்த அன்று கண்ணாடியில் தன் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, பாருங்கோ! நான் அம்மா மாதிரியே இருக்கேன்," என்று குதித்தாள்.

சைதாப்பேட்டைத் தம்பி, உமக்குப் பதில் இதுதான். செய்தித்தாளை வெயிலில் ஒட்டி லென்ஸைச் சோதிக்காதீர்கள். வெளிச்சமே இல்லாத அறையில், லென்ஸ் வாயை முழுசாகத் திறந்து, ஓர் ஆளை உட்காரவைத்து ஒரு பிளேட் போட்டுப் பாருங்கள். பதினைந்து ரூபாய் லென்ஸ் பதினைந்து ரூபாய் லென்ஸாகவே இருக்கட்டும். அது எங்கே பொய் சொல்லும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

மயிலாப்பூரில் பிறந்து, தியாகராய நகரில் வளர்ந்த, சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்த அந்தப் பெண் எங்கேயாவது இதைப் படித்தால், அவளுக்கு ஒரு வார்த்தை. உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது உன் அம்மா இல்லை. அது நான் உன்னைப் பார்த்துப் போட்ட பொம்மை. அந்த நெகடிவை நான் தூக்கி எறியவில்லை. கையை மட்டும் தனியாகப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். நான் இருக்கும்போதே வந்து வாங்கிக்கொண்டு போ. ஆறு எண்ணும் வரை ஆடாமல் உன்னை நோக்கி நீட்டியிருந்தாளே, அந்தக் கை மட்டும்தான், கண்ணு, உன் அம்மா.